வெறுந்தண்ணீரில் ஈயம்

இருபத்திரண்டு வருடங்களாக ஈயத்தை அளந்து சோறு தின்கிறவன் நான். எங்கள் ஆய்வகம் யாங்கூனில், அலோன் துறைமுகப் பக்கம் ஒரு பழைய கட்டிடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறது. கீழே கிடங்கு. கிடங்குக்குள், நல்ல மழைக்காலமாக இருந்தால், ஆறு. வாடிக்கையாளர்கள் கருவாடும் மஞ்சள்தூளும் ஙப்பியும் கொண்டுவருவார்கள். ஙப்பி என்பது மீனை உப்பிட்டுப் புளிக்கவைத்து அரைத்த விழுது; அதில் என்ன உலோகம் இருக்கிறது என்பதை மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் பார்க்க முடியும். எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. "இல்லைன்னு தாள் எப்பக் கெடைக்கும்?" என்றுதான் கேட்பார்கள்.

ஆகவே, துருவக் கடலின் தண்ணீரிலும் அடிச்சேற்றிலும் ஈயமும் பாதரசமும் காட்மியமும் எவ்வளவு இருக்கின்றன என்று ஒருத்தி உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பித் தொலைபேசியில் கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நிலையில்தான் "முடியும்" என்று சொன்னேன்.

கேட்டவள் அன்னியம் இல்லை. பக்கத்து ஊரான கியாக்தான்காரி, அம்மா தமிழ், அப்பா பர்மியர். எங்கள் ஆய்வகத்தில் நான்கு வருடம் எனக்கு அடுத்த மேசையில் ஙப்பி கரைத்தவள். பிறகு படிக்கப் போனவள் போனவள்தான்; இப்போது ஏதோ ஒரு குளிர்நாட்டில், துருவத்துக்குக் கப்பல் அனுப்பும் ஒரு குழுவில் தற்காலிக வேலையில் இருக்கிறாள். அந்தக் குழு தான் எடுத்துவந்த தண்ணீரையும் சேற்றையும் பங்கு போட்டு, வேறு வேறு நாடுகளிலுள்ள ஆய்வகங்களுக்கு அனுப்பப்போகிறது. எல்லாரும் தனித்தனியே அளந்து ஒரே எண்ணைச் சொன்னால், அந்த எண்ணை நம்பலாம். எந்த ஆய்வகங்கள் என்ற பட்டியலைப் போடும் பொறுப்பு இவளுக்கு வந்திருந்தது. அந்த வேலையில் அவளை நம்பிக் கொடுத்த முதல் காரியம் அது. பட்டியலில் அவள் எங்கள் பெயரைச் சேர்த்துவிட்டாள்.

"யாங்கூனான்னு ரெண்டு தடவை கேட்டாங்க அண்ணே. நான் பொறுப்புன்னு சொல்லிட்டேன். இது நல்லா முடிஞ்சா என்னை இங்க நிரந்தரமா வைப்பாங்க."

"கவலைப்படாதே" என்றேன். பிறருக்கு அந்த வார்த்தையைச் சொல்லும்போது எனக்கு எப்போதுமே ஒரு கம்பீரம் வந்துவிடும்.

மழை ஓயும் மாதத்தில் பெட்டி வந்து சேர்ந்தது. ஐந்து குழாய்களில் சேறு, மூன்று பாட்டில்களில் தண்ணீர். சேற்றைப் பற்றி நான் அலட்டிக்கொள்ளவில்லை. சேற்றில் உலோகம் ஏராளமாக இருக்கும்; தவிர, சேறு என்பது எங்கள் குலத்தொழில். அதை அமிலத்தில் கரைத்து அளந்து, ஒரே வாரத்தில் அனுப்பிவிட்டேன். தண்ணீர்தான் வில்லங்கம். துருவக் கடலின் தண்ணீரில் ஈயத்தைத் தேடுவது, நம் ஊர் ஆற்றில் ஒரு குறிப்பிட்ட உப்புக்கல்லைத் தேடுவது மாதிரி. லிட்டர் லிட்டராக இருப்பதைச் சில சொட்டாகச் சுருக்கி, அதில் ஒரு சொட்டைக் கருவியின் கரிக்குழாயில் விட்டுச் சுட்டெரித்து, எழும் ஆவிக்குள் ஒளியைச் செலுத்திப் பார்க்கவேண்டும். காகிதத்தில் கணக்குப் போட்டால் எங்கள் கருவியால் அது முடியும். காகிதம் எதைத்தான் மறுத்தது?

என்னோடு வேலை செய்பவர் ஓர் அம்மாள். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். அப்பா தமிழ், அம்மா பர்மியர். தமிழ் நன்றாகவே பேசுவார், கோபம் வந்தால் மட்டும் பர்மிய மொழிக்குப் போய்விடுவார். அக்காவுக்குப் பர்மிய மொழியில் அமா. நான் அவரை அமா என்பேன்; அவர் என்னை சயா என்பார். சயா என்றால் வாத்தியார், ஐயா, பெரியவர் எல்லாம்தான். அவர் சொல்லும் விதத்தில் மட்டும் அந்த மூன்றும் கேட்காது.

காகிதத்தைப் பார்த்துவிட்டு அமா சொன்னார். "சயா, இந்தக் கருவிக்கு ஙப்பியில இருக்கிறதே கண்ணுக்குச் சரியாத் தெரியலை."

"சுருக்கினா தெரியும் அமா."

"தண்ணி சுருங்கும். நம்ம தூசி சுருங்குமா?"

அதற்காகத்தான் ஒரு காற்றுப்பெட்டி கட்டினோம். மேலே ஒரு விசிறி, அதன் கீழே வடிகட்டித் தாள், சுற்றிலும் பிளாஸ்டிக் தகடு. விசிறி காற்றை இழுத்து, வடிகட்டி, சுத்தமான காற்றாக உள்ளே இறக்கும். அந்தக் காற்றின் கீழே கையை நுழைத்து வேலை செய்யவேண்டும். காசு இருப்பவர்கள் இதை அறை அளவுக்குக் கட்டுவார்கள். எங்களுடையது மீன்தொட்டியின் ஒன்றுவிட்ட தம்பி. ஆனால் கட்டி முடித்தபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

முதல் பாட்டிலை அளந்தேன். எண் வந்தது. வந்த சந்தோஷத்தில், எங்கள் தொழிலில் முதல் வருடப் பையன்கூடச் செய்யாத ஒன்றைச் செய்தேன். 'பிளாங்க்' பார்ப்பதற்கு முன்பே அந்த எண்ணை அவளுக்கு அனுப்பிவிட்டேன்.

பிளாங்க் என்றால் வெறுந்தண்ணீர். வடித்து வடித்து எதுவுமே இல்லாமல் செய்த தண்ணீரை, கடல்தண்ணீருக்குச் செய்த எல்லாவற்றையும் செய்து அளப்பது. அதில் ஒன்றும் வரக்கூடாது. வந்தால், அது கடலிலிருந்து வந்ததல்ல, நம்மிடமிருந்து வந்தது. மறுநாள் அளந்தேன். கடல்தண்ணீரில் எவ்வளவு ஈயம் இருந்ததோ, வெறுந்தண்ணீரிலும் ஏறக்குறைய அவ்வளவு இருந்தது.

சரி, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று கைப்பேசியை எடுத்தேன். அதற்குள் அவளுடைய செய்தி வந்திருந்தது. தண்ணீர் எடுத்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி, கரையில், எப்போதோ கைவிடப்பட்ட சுரங்கம் ஒன்று உண்டாம். என் எண்ணைப் பார்த்ததும் அவர்களுடைய மூத்தவர் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாராம். அந்தச் சுரங்கத்திலிருந்து ஈயம் கசிகிறதோ என்று பேச்சு. மாத இறுதிக் கூட்டத்தில் இவள்தான் அதைப் பற்றிப் பேசப்போகிறாள். "ரொம்ப நன்றி அண்ணே" என்று முடித்திருந்தாள். கீழே இரண்டு கும்பிடும் கைகள்.

நான் கைப்பேசியை வைத்துவிட்டேன். பிளாங்கின் எண்ணைக் கீழே இறக்கிவிட்டுச் சொல்லலாம், மாத இறுதிக்கு மூன்று வாரம் இருக்கிறதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கோழைத்தனத்துக்கு நாள்காட்டியைப்போல ஒத்தாசை செய்வது வேறொன்றில்லை.

அந்த மூன்று வாரங்களை எப்படிச் சொல்ல. முதலில் ஜெனரேட்டரைச் சந்தேகப்பட்டேன். நகரத்தில் கரண்ட் இல்லாத நேரமெல்லாம் கீழே அது ஓடும். புகை ஜன்னல்வழி எங்கள் மாடிக்கு வருவது உரிமையோடு. ஜெனரேட்டர் ஓடாத நேரத்தில் மட்டும் வேலை என்று விதித்தேன். எந்தெந்த நேரம் கரண்ட் வரும் என்று ஓர் அட்டவணை உண்டு. அட்டவணையை மதிக்கும் பழக்கம் எங்களுக்கு உண்டு, கரண்டுக்குக் கிடையாது. ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால் ஒன்பதே முக்காலுக்குப் போகும். கருவி சூடேறவே அரை மணி. இப்படி ஒரு வாரம் போயிற்று. ஈயம் குறையவில்லை.

பிறகு குழாயைச் சந்தேகப்பட்டேன். அமிலத்தைச் சந்தேகப்பட்டேன். பாட்டில்களை அமிலத்தில் மூன்று நாள் ஊறப்போட்டேன். என் சட்டைப் பொத்தானைச் சந்தேகப்பட்டுப் பொத்தானில்லாத சட்டை போட்டு வந்தேன். கிடங்குக் காவலாளி உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். இதற்கிடையில் இரண்டாவது பாட்டில் கடல்தண்ணீரும் தீர்ந்தது. மீதி ஒன்றே ஒன்று.

அப்புறம்தான் அமாவின் கன்னத்தைப் பார்த்தேன்.

இங்கே பெண்கள் தனக்கா பூசுவார்கள். மரப்பட்டையைக் கல்லில் இழைத்து எடுக்கும் மஞ்சள்வெள்ளைக் குழம்பு. கன்னத்தில் வட்டமாகப் பூசினால் வெயிலுக்குக் குளிர்ச்சி. காய்ந்ததும் பொடியாக உதிரும். அமா அறுபதை நெருங்குகிற இந்த வயதிலும் ஒரு நாள் தவறியதில்லை.

"அமா, தப்பா நெனைக்காதீங்க. கொஞ்ச நாளைக்கு தனக்கா வேணாம்."

அமா என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்கம்மா செத்த அன்னைக்குத்தான் நான் தனக்கா போடலை."

"அறிவியலுக்காக."

"யாரு செத்தது, அறிவியலா?"

மறுநாள் வெறும் முகத்தோடு வந்தார். ஈயம் குறையவில்லை. காதோரம் ஒட்டியிருக்கும், இன்னொரு தடவை கழுவுங்கள் என்றேன். கழுவினார். ஈயம் குறையவில்லை. தலைக்கு உறை போடச் சொன்னேன். மூன்றாம் நாள் அந்த உறையைக் கழற்றி என் முன்னே வைத்துவிட்டு, "கழுவியாச்சு சயா. இனி தோலை உரிச்சு வச்சிட்டு வரணுமா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பர்மிய மொழியில் மட்டும்தான் பேசினார்.

கூட்டத்துக்கு முந்தைய நாள் காலை. நான் என் சந்தேகப் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சந்தேகித்தவை பதினேழு, எல்லாம் அடித்தாயிற்று. அமா பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த கை நின்றது. வெகுநேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சயா," என்றார், தமிழில். "இந்தப் பொட்டு முந்தி பெரிசா இருந்துச்சே."

"எந்தப் பொட்டு?"

"நீங்க வச்சதுதான். இப்ப மொளகு அளவுதான் இருக்கு. மீதி எங்க போச்சு?"

இந்தப் பொட்டைப் பற்றி நான் மேலே எழுதவில்லை. வேண்டுமென்று மறைக்கவில்லை; என் பதினேழில் அது இல்லை. பெட்டி கட்டி முடித்த வாரம் ஆயுதபூஜை வந்தது. என் அப்பா இதே அலோன் துறையில் கிரேன் ஓட்டியவர். கிரேனுக்குச் சந்தனம் குங்குமம் வைக்காமல் அந்த நாள் போகாது. ரயிலில் வேலை பார்த்த சித்தப்பா எஞ்சினுக்கு வைத்தார். நான் வருடா வருடம் அளவுக் கருவிக்கு வைக்கிறேன், தராசுக்கு வைக்கிறேன். இந்த வருடம் பெட்டிக்கும் வைத்தேன். வெளியே வைத்தால் கைபட்டு அழியும் என்று உள்ளே, விசிறிக்கும் வடிகட்டித் தாளுக்கும் கீழே, சட்டத்தின் நட்ட நடுவில், சந்தனத்தைக் குழைத்து அதன்மேல் ஒரு பெரிய குங்குமப் பொட்டு. வடிகட்டிய சுத்தமான காற்று இரவும் பகலும் முதலில் அதன்மேல்தான் பட்டது. சந்தனம் காய்ந்தது. குங்குமம் கொஞ்சம் கொஞ்சமாக, மிகுந்த பக்தியோடு, கீழே திறந்து வைத்திருந்த கிண்ணங்களில் இறங்கியது.

க்யிம்யிண்டைங் சந்தையில் வாங்கிய குங்குமம். பொட்டலத்தில் மிச்சம் இருந்தது. கடுகளவு எடுத்து அமிலத்தில் கரைத்து, ஆயிரம் மடங்கு நீர்க்கச் செய்து, கருவியில் விட்டேன். முள் எழுந்து எல்லையில் முட்டி அங்கேயே நின்றுவிட்டது. சிவப்பு நன்றாகத் தெரிய யாரோ கலந்த ஈயம். துருவக் கடலின் சுரங்கம் என் குங்குமப் பொட்டலத்தில் இருந்திருக்கிறது.

அமா தன் மேசைக்குப் போய், பையிலிருந்து சிறிய டப்பாவை எடுத்து, கன்னத்தில் தனக்காவை வட்டமாகப் பூசினார். கழுத்திலும் பூசினார். முழங்கைவரை பூசிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். "இப்ப அந்தப் பொண்ணுக்குப் போன் போடுங்க."

ஒரு யோசனை எனக்கு இருந்தது, ஒளிப்பானேன். கடல்தண்ணீரின் எண்ணிலிருந்து வெறுந்தண்ணீரின் எண்ணைக் கழித்தால் சிறியதாக ஒன்று மிஞ்சும். பார்க்க லட்சணமான எண். 'திருத்திய அளவு' என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டால் சுரங்கமும் போய்விடும், பொட்டும் வெளியே வராது. இரண்டு பெரிய எண்கள் நாளுக்கொரு விதமாக ஆடும்போது அவற்றின் வித்தியாசத்துக்கு ஓர் அர்த்தமும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும், சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

போட்டேன். நமக்குப் பிற்பகல், அவளுக்குக் காலை. முதல் தடவை விளக்கமாக ஆரம்பித்தேன். மாசுபாட்டின் மூலங்கள் பலவகை என்பதுவரை வந்தபோது இணைப்பு அறுந்தது. இரண்டாம் தடவை முன்னுரையைக் குறைத்து, நம் முன்னோர்களின் தொழில்பக்தியிலிருந்து தொடங்கினேன். அதுவும் அறுந்தது. மூன்றாம் தடவை அமா கைப்பேசியை என் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டார்.

"பெட்டிக்குள்ள குங்குமம் வச்சேம்மா. ஈயம் அதுலேர்ந்துதான் வந்திருக்கு. கடல்ல இல்லை."

இந்த முறை இணைப்பு அறவில்லை.

"அண்ணே, பெட்டி கட்டினதும் ஒரு போட்டோ அனுப்பினீங்கல்ல. பொட்டு நடுவுல பளிச்சுன்னு இருந்துச்சு. லட்சணமா இருக்குன்னு நான்தான் எழுதினேன்."

"ஆமா."

"அதை இங்க எல்லாருக்கும் காட்டினேன். ஒருத்தர் அது என்ன செவப்புன்னு கேட்டார். சுவிட்சுன்னு நெனைச்சிருக்கார். இல்லை, அது சாமிக்குன்னு சொன்னேன். மரியாதைக்கு அதோட விட்டுட்டார்." பெருமூச்சு கேட்டது. "நாலு வருஷம் உங்ககிட்ட வேலை கத்துக்கிட்டேன். வளையலைக் கழட்டச் சொல்வீங்க, வாட்சைக் கழட்டச் சொல்வீங்க. பொட்டு என் கண்ணுலயே படலை."

"கூட்டத்துல என்மேல போட்டுடு."

"உங்கமேல போட்டா என்மேல போட்டதுதானே. உங்களைக் கூட்டிட்டு வந்தது யாரு? பிளாங்க் பாக்கறதுக்கு முன்னாடி ஏன் அண்ணே அனுப்பினீங்க?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் மூன்று பதில்கள் இருந்தன. மூன்றும் சந்தோஷம் என்ற ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தன. "தப்புதான்" என்றேன்.

மறுநாள் சாயங்காலம் பதில் வந்தது. கூட்டத்தில் எழுந்து நின்று நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறாள். சுரங்கப் பேச்சைக் கைவிட்டார்களாம். குங்குமம் என்றால் என்ன, அதை இயந்திரத்துக்கு ஏன் வைக்கவேண்டும் என்று விளக்கவே கால்மணி ஆனதாம். அவளுடைய நிரந்தர வேலையைப் பற்றி யாரும் பேசவில்லை. மூன்றாவது பாட்டிலை ஒரு முறை அளக்கலாம், ஒவ்வொரு படிக்கும் போட்டோ அனுப்பவேண்டும், முதலில் பிளாங்க் என்று நிபந்தனை.

பெட்டியைக் கழற்றிப் புது வடிகட்டித் தாள் போட்டோம். சட்டத்தை அமிலத்தில் குளிப்பாட்டினோம். கரண்ட் எங்களை மூன்று காலை ஏமாற்றியது. நான்காம் காலை பன்னிரண்டு மணிவரை போகாமல் இருந்தது. வெறுந்தண்ணீரை விட்டேன். முள் அசையவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் இவ்வளவு அழகான ஒன்றுமில்லாமையை நான் பார்த்ததில்லை. அமா போட்டோ எடுத்தார்.

பிறகு மூன்றாவது பாட்டில். சுருக்கி, சொட்டு விட்டு, சுட்டேன். முள் அசையவில்லை.

மறுபடி விட்டேன். கருவிக்கு நினைவிருக்கிறதா என்று தெரிந்த அளவு ஈயம் கலந்த சொட்டு ஒன்றைக் கொடுத்தேன், உடனே எழுந்தது. கடல்தண்ணீரைக் கொடுத்தேன், படுத்துக்கொண்டது. ஆக, இரண்டு மாதம், மூன்று பாட்டில், பொத்தானில்லாத சட்டை, ஓர் அம்மாளின் கன்னம் எல்லாவற்றுக்கும் பிறகு நான் அறிக்கையில் எழுதியது இதுதான்: எங்களால் கண்டறியக்கூடிய அளவுக்குக் கீழ்.

பத்து நாள் கழித்து அவள் அழைத்தாள். "அண்ணே, மத்த லாப் எண்ணெல்லாம் வந்திருச்சு. சேத்துல நம்ம எண்ணு எல்லார்கூடவும் ஒத்துப்போகுது. தண்ணியில எல்லாருக்கும் வந்தது உங்க கருவி பாக்க முடியற அளவுக்குக் கீழதான். அப்ப நீங்க எழுதினது சரி."

"சரின்னா?"

"தப்பில்லைன்னு அர்த்தம்."

"உன் வேலை?"

"இன்னும் ஒரு வருஷத்துக்கு நீட்டியிருக்காங்க. தற்காலிகமாத்தான். தூக்கலை அண்ணே. அதுவே பெரிசு. நான் மறைக்கலைங்கறதை எழுதி வச்சிருக்காராம் அந்த மூத்தவர். அடுத்த தடவை உங்களுக்குச் சேறு மட்டும் அனுப்பச் சொல்லிட்டார்" என்றாள்.

மற்றவர்கள் தண்ணீரில் கண்ட எண் என்ன என்று கேட்டேன். சொன்னாள். ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். புள்ளிக்குப் பிறகு சுழிகளாக வந்துகொண்டே இருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினேன். ஒரு சுழிகூடக் குறையவில்லை.

அமா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "நமக்கு இன்னும் எத்தனை சுழி எட்டலை, சயா?"

"ரெண்டு."

"அதுக்கு என்ன வேணும்?"

"வேற கருவி. வேற ரூம். வேற கரண்ட்."

"வேற சயா," என்று சேர்த்துவிட்டு, அமா பெட்டியின் விசிறியை நிறுத்தினார்.